எண்ணியல் ஒளிப்படக் கருவியின் இயக்க முறைகள்: கள ஆய்வு மாணவர்க்கு ஓர் அறிமுகம்

முன்னுரை

ஒளிப்படக் கருவி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. நிக்காஹ் மேடையிலும் பெருநாள் தொழுகைத் திடலிலும் கல்லூரி விளையாட்டு விழாவிலும் அது பல கைகளில் ஒரே நேரத்தில் உயர்வதைக் காண்கிறோம். நம் தமிழ்த்துறை மாணவர்கள் கள ஆய்வுக்குச் செல்லுங்கால் குறிப்பேட்டை மறந்தாலும் கருவியை மறப்பதில்லை. எனினும், அக்கருவியின் தலைப்பகுதியில் உள்ள குமிழை வாங்கிய நாள் முதல் ஒருமுறையேனும் திருப்பிப் பார்த்தோர் எத்தனை பேர் எனின், விரல்விட்டு எண்ணிவிடலாம். பச்சை நிறக் குறியோ 'ஆட்டோ' என்னும் சொல்லோ உள்ள இடத்திலேயே அது நிலைபெற்றிருக்கும்.

அக்குமிழில் பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறையின் மலரில் இதற்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். ஏடும் கல்வெட்டும் கையெழுத்துப் படியும் நம் துறையின் மூலப் பொருள்கள். அவற்றை இன்று நாம் படியெடுப்பது எழுத்தாணியால் அன்று, ஒளிப்படக் கருவியால். ஏடெழுதுவோர் கை தவறினால் பாடம் திரிந்தது போன்றே, கருவியை இயக்குவோர் தவறினாலும் பாடம் திரியும். இதனை நான் நூலில் கற்கவில்லை; இழந்து கற்றேன்.

இழந்த பக்கங்கள்

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் தேடித் திரிந்த காலம் அது. கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு மூதாட்டியாரின் இல்லத்தில், அவருடைய பாட்டனார் கைப்பட எழுதிய ஏடு ஒன்று இருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றேன். நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற சிறிய டிஜிட்டல் கேமரா கையில் இருந்தது. ஏட்டை வெளியே கொண்டு செல்ல அவர் இசையவில்லை. அது முறையும் அன்று. பிற்பகல் முழுவதும் அவ்வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களைத் தன்னியக்க முறையிலேயே படமெடுத்தேன். கருவியின் பின்புறத்தில், தீப்பெட்டி அளவுத் திரையில், ஒவ்வொரு பக்கமும் பளிச்செனத் தெரிந்தது. "எல்லாம் நல்லா வந்திருக்கா வாப்பா?" என அவர் கேட்டபோது, ஐயமின்றி ஆம் என்றேன்.

விடுதிக்குத் திரும்பிக் கணினியில் விரித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. பிளாஷ் மின்னிய பக்கங்களின் நடுவே வெண்ணிற வட்டம். அவ்வட்டத்துள் எழுத்தே இல்லை. பிளாஷ் மின்னாத பக்கங்கள் கையசைவால் கலங்கியிருந்தன. அடுத்த ஆண்டு மீண்டும் அங்குச் சென்றேன். அதற்குள் மழையில் கூரை ஒழுகி, ஏட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன. என் ஆய்வேட்டில் பதினொரு பக்கங்களுக்கு நேராக 'படிக்க இயலவில்லை' என்னும் குறிப்பு இன்றும் உள்ளது.

அரபுத்தமிழ் என்பது தமிழை அரபு வரிவடிவில் எழுதும் முறை என்பதைப் பலரும் அறிவர். அரபு எழுத்தில் புள்ளிக்குள்ள இன்றியமையாமையை மட்டும் இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். சொல்லின் இடையே வருங்கால் பா, தா, ஸா, நூன் ஆகிய நான்கிற்கும் உருவம் ஒன்றே. கீழே ஒரு புள்ளி இட்டால் பா. மேலே ஒன்று இட்டால் நூன். மேலே இரண்டு இட்டால் தா. மூன்று இட்டால் ஸா. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் மேலும் சில புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டனர். ஆகவே, கலங்கிய படத்தில் மறைவது ஓர் அழகன்று, எழுத்தே மறைகிறது. புள்ளி இரண்டும் கலந்து ஒன்றாகத் தோன்றினால் தகரம் நகரமாகிவிடும்.

ஒளிக்கு மூன்று வாயில்கள்

கருவியின் எல்லா இயக்க முறைகளும் மூன்று அளவுகளைச் சுற்றியே அமைந்தவை. ஒளி நுழையும் துளையின் அகலம் ஒன்று. அத்துளை வழியே ஒளி விழும் நேரம் மற்றொன்று. விழுந்த ஒளிக்கு எந்த அளவு துலக்கம் தருவது என்னும் உணர்திறன் மூன்றாவது. அகன்ற குழாயில் விரைவில் குடம் நிறையும். குறுகிய குழாயில் நெடுநேரம் ஆகும். இரண்டிலும் குடத்து நீர் ஒன்றே. அப்பர்ச்சர் எனப்படும் ஒளித்துளைக்கும் ஷட்டர் எனப்படும் மூடுதிரைக்கும் உள்ள உறவு இத்தகையதே.

ஒளித்துளையைக் குறிக்கும் எண்கள் தொடக்கத்தில் குழப்பம் விளைவிப்பன. எஃப் 2, எஃப் 2.8, எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8, எஃப் 11 என எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கிறது. காரணம் எளிது. லென்சின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் இது. 50 மி.மீ. லென்சில் எஃப் 2 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ.; எஃப் 8 என்றால் 6.25 மி.மீ. மேற்காட்டிய வரிசையில் ஒவ்வோர் அடி முன்னேறும்போதும் ஒளி பாதியாகக் குறைகிறது. திறப்பு நேரத்திலும் அவ்வாறே 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000 நொடி என ஒவ்வோர் அடியிலும் ஒளி பாதியாகும். எனவே, எஃப் 2 துளையில் 1/1000 நொடியும், எஃப் 8 துளையில் 1/60 நொடியும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைத் தருகின்றன. ஒளி ஒன்றாயினும் படம் ஒன்றன்று என்பதே இதில் நுட்பம். முதலாவதில் ஓடும் சிறுவன் உறைந்து நிற்பான். அவனுக்குப் பின்னுள்ள சுவர் மங்கும். இரண்டாவதில் சுவர் தெளியும்; சிறுவன் கலங்குவான்.

ஐ.எஸ்.ஓ. என்னும் மூன்றாவது அளவு 100, 200, 400, 800 என இரட்டித்துச் செல்வது. இதனை உயர்த்தினால் மங்கலான இடத்திலும் படம் பதியும். அதற்கு ஈடாக மணற்பொடி தூவியது போன்ற புள்ளிகள் படத்தில் பரவும். முகத்தை எடுக்கும்போது இது பெருங்குறையன்று. ஏட்டை எடுக்கும்போது, கருவி தூவிய புள்ளி எது, பாட்டனார் இட்ட புள்ளி எது என்னும் ஐயம் எழுமாயின், அது குறையே.

துளை சிறுத்தால் படிமம் தெளியும் என்னும் உண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்து எழுதியவர் இப்னு அல்ஹைதம். பஸ்ராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அப்பேரறிஞர், கிரகணத்தின் வடிவம் பற்றிய தம் நூலில், பகுதிக் கிரகணத்தின்போது சிறு துளை வழியே இருட்டறையில் விழும் கதிரவனின் படிமம் பிறை வடிவில் தோன்றுவதையும், துளை அகன்றால் அப்பிறை வடிவம் அழிந்து வட்டமாவதையும் விளக்கினார். நம் மேடைகளில் சிலர், 'கேமரா' என்னும் சொல்லே 'கமரா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததெனப் பெருமிதத்துடன் கூறுவதுண்டு. அது சரியன்று. வளைகூரை அறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இலத்தீனில் புகுந்து, 'இருட்டறை' என்னும் தொடரின் பகுதியாகி, இன்றைய பெயராயிற்று. இல்லாத சொற்பிறப்பைக் கற்பித்துத்தான் இப்னு அல்ஹைதமின் பெருமையை நிலைநாட்ட வேண்டும் என்பதில்லை.

தன்னியக்க முறை: கருவியின் ஊகம்

மூன்று அளவுகளையும் கருவியே தேர்ந்துகொள்வது தன்னியக்க முறை. பிளாஷ் வேண்டுமா வேண்டாவா என்பதையும் அதுவே தீர்மானிக்கும். ஒளியைத் தானே அளந்து சரிசெய்யும் கருவி 1938-இல் கோடாக் நிறுவனத்தின் சூப்பர் சிக்ஸ் 20 என்னும் பெயரில் வெளிவந்தது. 1975-இல் அதே நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவோ, 100 வரிசை, 100 நிரை கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாப் பேழையில் பதிய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய கருவி கண்ணிமைக்கும் முன் முகத்தை அடையாளங்கண்டு, ஒளியை அளந்து, குவியம் சேர்த்து, படத்தையும் பதிந்துவிடுகிறது. இதனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. தெருவில் நடக்கும் திடீர் நிகழ்ச்சியைப் படமெடுப்போர் குமிழைத் திருப்பிக்கொண்டு நின்றால் நிகழ்ச்சி கடந்துவிடும்.

ஆனால், கருவி காண்பது ஒளியின் அளவை மட்டுமே, பொருளை அன்று. தன் முன் உள்ள காட்சி, சராசரியாக, வெளுப்பும் கருப்பும் அல்லாத நடுச்சாம்பல் நிறத்தது என்னும் எடுகோளின் மீதே அதன் கணக்கு அமைந்துள்ளது. காட்சி அவ்வாறு இருக்கும் வரை குறையில்லை. பெருநாள் காலையில் திடலை நிறைத்து நிற்கும் வெண்ணாடைக் கூட்டத்தைத் தன்னியக்க முறையில் எடுத்துப் பாருங்கள். இத்தனை வெண்மை இருக்கலாகாது எனக் கருவி கருதி, ஒளியைக் குறைத்து, புத்தாடைகளைப் பழுப்பேறியவை போலக் காட்டும், முகங்கள் கறுத்துவிடும். கறுப்புப் பர்தா அணிந்த பெண்கள் சட்டத்தை நிறைத்து நிற்கும் குடும்பப் படத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. கறுப்பைச் சாம்பலாக்கும் முயற்சியில் கருவி ஒளியை மிகுக்க, முகங்கள் வெளிறிப்போகும். இக்காலக் கருவிகள் காட்சியைப் பல கூறுகளாகப் பகுத்து அளப்பதால் இக்குறை பெரிதும் குறைந்துள்ளது, முற்றும் நீங்கவில்லை.

சராசரி எது என்பதை முடிவு செய்தவர் யார் என்னும் வினாவும் இங்கு எழுகிறது. வண்ணப் படச்சுருள் காலத்தில், நிறத்தைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்ட மாதிரி அட்டைகளில் பல்லாண்டுகள் வெண்ணிற மங்கையரின் உருவமே இருந்தது. 'ஷர்லி அட்டை' என அது பெயர் பெற்றது. மாநிற முகங்களும் கருநிற முகங்களும் சரிவரப் பதியாமைக்கு இதுவும் ஒரு காரணம். 2021-இல் கூகுள் நிறுவனம் தன் கைப்பேசிக் கருவியைப் பல்வேறு தோல் நிறங்களுக்கும் ஏற்பத் திருத்தியதாகத் தனியே விளம்பரம் செய்ய நேர்ந்தது என்றால், அதற்கு முன் ஊகம் யாரை நோக்கியதாக இருந்தது என்பதை உய்த்துணரலாம்.

திட்ட முறையும் திருத்தக் குறியும்

குமிழில் 'பி' என்னும் எழுத்து திட்ட முறையைக் குறிக்கும். துளையையும் நேரத்தையும் கருவியே தேர்கிறது. ஏனைய யாவும் நம் வசம். 1978-இல் வெளிவந்த கேனன் ஏ-1 கருவி இத்தகைய மின்னணுத் திட்ட முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. பச்சைக் குறியை விட்டு வெளியேறத் துணிவோர் முதலில் வந்து தங்க வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து. பிளாஷ் தானாக எழாது. கூட்டல், கழித்தல் குறிகள் கொண்ட பொத்தான் ஒன்றும் இங்குச் செயற்படத் தொடங்கும். அப்பொத்தானின் பயனை மட்டும் அறிந்துகொண்டாலே அன்றாடப் படங்களில் பெரும்பாலானவை திருந்திவிடும்.

வெண்ணாடைக் கூட்டமாயின் கூட்டல் 1 என வைக்க வேண்டும். கருவியின் ஊகத்திற்கு மேல் இருமடங்கு ஒளி கொடு என்பது அதன் பொருள். கருந்துணி மீது வைத்த நாணயமாயின் கழித்தல் 1. வெண்மைக்குக் கூட்டுவதா என முதலில் வியப்பாகத் தோன்றும். வெண்மையைக் கண்டு கருவி அஞ்சிக் குறைத்ததை நாம் திருப்பித் தருகிறோம் என எண்ணிக்கொண்டால் மறவாது.

துளை முதன்மை முறை

'ஏ' என்றும், சில நிறுவனங்களின் கருவிகளில் 'ஏவி' என்றும் குறிக்கப்படுவது துளை முதன்மை முறை. துளையின் அளவை நாம் கூறுகிறோம். அதற்கேற்ற நேரத்தைக் கருவி தேர்ந்துகொள்கிறது. எந்த இடம் தெளிவாக இருக்க வேண்டும், எந்த இடம் மங்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யும் முறை இதுவாகும். அறுபது ஆண்டுப் பணியை நிறைவு செய்த உஸ்தாத் ஒருவரைத் தனியே எடுக்கிறோம். பின்புறத்தில் மின்கம்பிகளும் விளம்பரத் தட்டிகளும் நிறைந்திருப்பின், எஃப் 2.8 எனத் துளையை அகலத் திறந்தால் அவை மங்கி, முகம் மட்டும் எழும். அதே உஸ்தாதுடன் மாணவர்கள் மூன்று வரிசையில் நிற்கும் படத்தில் அந்த அளவு கேடு விளைக்கும். முன்வரிசை தெளிய, பின்வரிசை மாணவர்கள் மங்குவர். பின்வரிசையில் நின்றவனின் தாயார் அப்படத்தைச் சுவரில் மாட்டப்போவதில்லை. இங்கு எஃப் 8 பொருந்தும்.

ஏட்டைப் படமெடுக்க இம்முறை ஏன் இன்றியமையாதது என்பதையும் கூற வேண்டும். பொருளை நெருங்க நெருங்க, தெளிவாகத் தோன்றும் ஆழம் மிகச் சுருங்கிவிடும். தைத்த ஏட்டின் பக்கம் சமதளமாக இராது. தையலை நோக்கிச் சரிந்து வளைந்திருக்கும். முழங்கைத் தொலைவிலிருந்து எஃப் 2.8 அளவில் எடுத்தால் பக்கத்தின் நடுப்பகுதி தெளிந்து, தையலோரச் சொற்கள் கலங்கும். அன்று எனக்கு நேர்ந்த இழப்புகளுள் இதுவும் ஒன்று. தாழ்வாரத்தின் மங்கிய ஒளியில் கருவி தானாகவே துளையை முழுதும் திறந்துவிட்டிருந்தது. லென்ஸ் மாற்றத்தக்க கருவிகளில் எஃப் 8 அல்லது எஃப் 11 இதற்கு ஏற்றது. தெளிவு மேலும் மிகும் எனக் கருதி எஃப் 22 வரை செல்வது பயன் தராது. விளிம்பு விளைவு காரணமாகப் படம் முழுவதும் சற்றே மழுங்கும்.

இம்முறையில் ஒரு பொறி உண்டு. மங்கிய அறையில் எஃப் 8 எனக் கட்டளையிட்டால், கருவி பணிவுடன் 1/8 நொடி நேரத்தைத் தேர்ந்துகொள்ளும். எவ்வளவு உறுதியான கையும் அந்நேரத்தில் சிறிதேனும் அசையும். திரையின் ஓரத்தில் காட்டப்படும் நேரத்தைப் பார்க்கும் வழக்கம் வேண்டும். குவியத் தொலைவு 50 மி.மீ. எனில் குறைந்தது 1/60 நொடி என்பது கையில் பிடித்து எடுப்போர்க்குரிய பழைய விதி. அதைவிட நீளுமாயின் முக்காலி வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ. உயர வேண்டும்.

நேர முதன்மை முறை

'எஸ்' என்றோ 'டிவி' என்றோ குறிக்கப்படுவது நேர முதன்மை முறை. 'டிவி' என்பதைத் தொலைக்காட்சியோடு இணைப்பதற்கான வசதி என மாணவர் ஒருவர் விளக்கக் கேட்டிருக்கிறேன். நேர அளவு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அது. நேரத்தை நாம் கூற, துளையைக் கருவி தேரும். கபடி வீரனின் பாய்ச்சலுக்கு 1/500. நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவுக்கோட்டில் 1/1000. அலையை ஆவி போலக் காட்ட விழைவோர் முக்காலியில் ஏற்றி அரை நொடி வைக்கலாம். அது அவரவர் சுவை. ஒளி போதாத இடத்தில் 1/1000 எனப் பிடிவாதம் செய்தால் துளையை எவ்வளவு திறந்தும் கருவியால் ஈடு செய்ய இயலாது. துளை எண் மின்னி மின்னி எச்சரிக்கும். அதனைப் பொருட்படுத்தாது எடுத்தால் படம் இருளும். உள்ளரங்க விளையாட்டு விழாப் படங்கள் கறுத்துப்போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

கைமுறை

'எம்' என்னும் எழுத்தைக் கண்டு அஞ்சுவோரும் உளர். அதில் மட்டுமே படமெடுப்பேன் எனச் செருக்குறுவோரும் உளர். இரண்டும் வேண்டா. கைமுறை என்பது புலமைக்கான சான்றிதழ் அன்று. ஒளி மாறாதிருக்கும்போது, படங்கள் யாவும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்னும்போது, அதுவே ஏற்றது. வெண்தாளில் எழுதிய பக்கத்தையும், பாதிக்கு மேல் மசி படிந்த பக்கத்தையும் கருவியின் ஊகத்திற்கு விட்டால் ஒன்று கருகும், மற்றொன்று வெளிறும். கைமுறையில் ஒருமுறை அளந்து வைத்துவிட்டால் முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை தாளின் நிறம் ஒன்றாகவே இருக்கும். எந்தப் பக்கத்தில் மசி மாறியது, எங்கு வேறு கை எழுதத் தொடங்கியது என்பதைப் பின்னர் ஒப்பிட்டுக் காணலாம். பாட ஆய்வாளனுக்கு இதனினும் பெரிய உதவி உண்டோ?

தமிழகத்தில் எழுத்தை ஒளிப்படத்தால் படியெடுக்கும் முயற்சி புதிதன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக விளங்கிய லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படிகளை ஒட்டி இணைத்து ஒரே நீள் படமாக்கினார். ஒளியை அளக்கும் பொறி எதுவும் அவரிடம் இல்லை. ஒளி எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் அவரே கணித்தார். கைமுறை ஒன்றே இருந்த காலம் அது.

நம் சமுதாயத்தார் பலரும் விரும்பிப் படமெடுக்கும் பிறையும் கைமுறைக்குரியதே. அகன்ற இருள்வானில் நகக்கீற்றளவு ஒளி. கருவி வானத்தை அளந்து, இருளை விரட்ட முயன்று, பிறையை உருவழிந்த வெண்துளியாக்கிவிடும். முழுநிலவு கதிரொளியில் நனையும் பாறை என்பதால், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 1/100 நொடி என்பது அதற்கு வழக்கமான தொடக்க அளவு. இளம்பிறை அதனினும் மங்கலானது. நெடுந்தொலைவு லென்சும் முக்காலியும் கொண்டு ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6, 1/30 நொடி எனத் தொடங்கி, முடிவைப் பார்த்து நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுக்கலாம். பிறை காண்டல் பற்றிய தீர்ப்பு ஆலிம் பெருமக்களுக்கு உரியது. இங்குப் பேசப்படுவது படமெடுக்கும் முறை மட்டுமே.

படக்குறிகளும் கைப்பேசியும்

குமிழில் மலை, பூ, ஓடும் மனிதன், நிலவும் விண்மீனும் எனச் சிறு படங்கள் இருப்பின், அவை மேற்கூறியவற்றின் ஆயத்தச் சேர்க்கைகளே. ஓடும் மனிதன் என்பது குறுகிய நேரம். மலை என்பது குறுகிய துளை. இலக்கணம் கற்றோர்க்கு இவை தேவையில்லை.

கைப்பேசியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒளித்துளை மாறாதது. ஆளுருவ முறையில் பின்புறம் மங்குவது துளையால் அன்று, கணக்கால். எது முகம், எது பின்புலம் என மென்பொருள் கத்தரித்து மங்கச் செய்கிறது. தொப்பியின் விளிம்பும் கண்ணாடிச் சட்டமும் சில வேளை பின்புலத்தோடு கரைந்துபோவது இக்கத்தரிப்பின் பிழை. இரவு முறையில் பல படங்கள் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. அசையாத பள்ளிவாசல் மினாரா அழகுறப் பதியும், நடந்து செல்வோர் ஆவியாவர்.

சில கைப்பேசிகள் நிலவைக் கண்டதும், தாம் முன்னரே பயின்ற நிலவின் விவரங்களைக் கொண்டு படத்தைச் செம்மையாக்குவது 2023-இல் உலகளவில் விவாதத்திற்கு உள்ளாயிற்று. அழகு நோக்கினால் இது குற்றமன்று. சான்று நோக்கினால்? இதே வினாவை ஏட்டின் மீதும் எழுப்புதல் வேண்டும். ஆவணங்களைப் படியெடுக்கும் செயலிகள் தாளை வெளுப்பாக்கி எழுத்தைக் கறுப்பாக்குகின்றன. மின்கட்டண ரசீதுக்கு அது போதும். பழைய ஏட்டில், நிறம் வெளுத்த மசியால் இட்ட நுண்புள்ளியைக் கறை எனக் கருதிச் செயலி துடைத்துவிடக்கூடும். பூச்சி அரித்த துளையைப் புள்ளியாக்கவும் கூடும். ஏடு பெயர்த்தெழுதுவோர் தம் மனம்போனபடி திருத்தியதைப் பாட பேதம் எனப் பெயரிட்டு ஆராய்கிறோம். கருவி திருத்தியதற்கு என்ன பெயரிடுவது? ஆகவே, ஏட்டைப் படமெடுக்கக் கைப்பேசி ஒன்றே வாய்ப்பின், அதிலுள்ள 'புரோ' என்னும் முறையில், அழகூட்டும் வசதிகளை நீக்கி, நேரத்தையும் ஐ.எஸ்.ஓ.வையும் நாமே வைத்து எடுத்தல் நலம். இயன்றால் 'ரா' எனப்படும் மூலப் பதிவையும் சேமிக்க வேண்டும்.

களத்தில்

ஏட்டைச் சன்னலோரத்தில், நேர்வெயில் படாத இடத்தில், விரித்து வைக்க வேண்டும். பிளாஷை அணைத்துவிட வேண்டும். கையெழுத்துப் படிகளுக்கு அதனை அனுமதியாத நூலகங்கள் பல. கருவி ஏட்டிற்கு நேர் மேலே, தாளுக்கு இணையாக முக்காலியில் நிற்கட்டும். சாய்ந்தால் ஒரு பக்கம் குறுகும். ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 8 என வைத்து, நேரத்தை அளந்து, பொத்தானைக் கையால் அழுத்தாமல் இரண்டு நொடித் தாமத வசதியைப் பயன்படுத்தினால் அழுத்தும் அசைவும் நீங்கும். முக்காலியில் இருப்பதால் நேரம் 1/15 நொடியானாலும் கேடில்லை. மேகம் மூடினால் மீண்டும் அளக்க வேண்டும். ஓரத்தில் அளவுகோல் ஒன்றையும் வைத்து எடுத்தால் எழுத்தின் உருவளவு பின்னர் ஐயத்திற்கு இடமாகாது. கல்வெட்டாயின், ஒளி பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் காலை அல்லது மாலை வேளையே உகந்தது. நண்பகலில் தேய்ந்த எழுத்து தெரியாது.

ஐந்து பக்கங்களுக்கு ஒருமுறை படத்தைத் திரையில் இயன்றவரை பெரிதாக்கி, நடுவில் ஓர் எழுத்தையும் தையலோரத்தில் ஓர் எழுத்தையும் பார்க்க வேண்டும். புள்ளிகளை எண்ண முடிகிறதா? முடியாவிடில் அங்கேயே மீண்டும் எடுக்க வேண்டும். அவ்வீட்டை விட்டு வெளியேறிய பின் கண்டறியும் பிழைக்கு, அந்த ஏடு அடுத்த மழை வரை இருந்தால்தான் திருத்தம் உண்டு.

சென்ற கல்வியாண்டில் நம் துறை மாணவியர் இருவர், தம் உறவினர் இல்லத்திலிருந்த அரபுத்தமிழ்க் கணக்கேடு ஒன்றை இம்முறையில் படமெடுத்தனர். 84 பக்கங்கள், இரண்டு காலைப் பொழுதுகள். முதல் நாள் மேகமூட்டத்தால் கருகிய ஒன்பது பக்கங்களை மறுநாள் மீண்டும் எடுத்தனர். தையலோரப் புள்ளிகள் வரை படிக்க இயலுகின்றது. கப்பலில் ஏற்றிய சரக்கும், கொடுக்கல் வாங்கலும், இடையே ஒரு குழந்தை பிறந்த செய்தியும் அதில் உள்ளன. படங்கள் துறை நூலகக் கணினியில் வைக்கப்பட்டுள்ளன. ஏட்டின் 31-ஆம் பக்கத்தில் ஓர் ஊர்ப்பெயர் மட்டும் இன்னும் எங்களுக்குப் பிடிபடவில்லை. அரபுத்தமிழ் படிக்க வல்ல பெரியோர் எவரேனும் துறைக்கு வந்து பார்த்துக் கூறினால் கடப்பாடுடையோம்.